குழாய் இருமிய ஞாயிற்றுக்கிழமை

2008-ஆம் வருடம், கோடை தொடங்கிய நேரம். கம்பத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கணவருக்குத் திராட்சை கமிஷன் கடை. மாமியார் எங்களோடுதான் இருந்தார். நான் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தவள் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன்.

அந்த எம்.ஏ.வை நம்பித்தான் மதுரையிலிருந்து என் கல்லூரித் தோழி போன் செய்தாள். அவள் வேலை பார்க்கும் இடத்துக்கு மங்கோலியாவிலிருந்து ஒரு பெண் ஆராய்ச்சி மாணவியாக வந்திருக்கிறாளாம். ஒரு சாதாரணக் குடும்பத்தின் அன்றாட வாழ்க்கையைப் படம் பிடிக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை வந்தால் ஞாயிறு மதியம் கிளம்பிவிடுவாளாம். கூட இருந்து மொழிபெயர்த்தால் போதும் என்றாள். மொழிபெயர்ப்புதானே, நமக்கு அதெல்லாம் ஒரு வேலையா என்று, வீட்டில் யாரையும் கேட்காமலே சரி சொல்லிவிட்டேன்.

மாமியார் கேட்ட முதல் கேள்வி, "அவுக சோறு திம்பாகளா?" என்பது. அடுத்தது, "டிவியில வருமா?" டிவி இல்லை, இன்டர்நெட் என்றேன். அது என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. டிவியைவிடப் பெரிது போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள், எங்கள் வீட்டில் படம் எடுக்க வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது.

வந்தவள் ஒரே ஒருத்திதான். வட்ட முகம், வெயிலில் சிவந்த கன்னங்கள், முதுகில் ஒரு பெரிய பை, கையில் கேமரா ஸ்டாண்டு. கேரள எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர் ஒருவர் பஸ் ஸ்டாண்டில் அவளை நேபாளத்துக்காரி என்று நினைத்து இந்தியில் பேசிப் பார்த்திருக்கிறார். அவள் "வணக்கம், போதும்" என்று சொல்லிவிட்டு நடந்திருக்கிறாள். அப்போது அவளுக்குத் தெரிந்த தமிழே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அன்று மாலை காபி குடித்துக்கொண்டே தன் வேலையைப் பற்றி என்னிடம் சொன்னாள். அவளும் நண்பர்களும் சேர்ந்து தங்கள் நாட்டில் ஒரு காப்பகம் நடத்துகிறார்கள். அதற்குக் கட்டடம் கிடையாது, எல்லாம் இணையத்தில்தான். மங்கோலிய மக்கள் இன்றைக்கு எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் படமாகவும் ஒலியாகவும் சேர்த்து வைக்கிறார்கள். கம்பளிக் கூடாரத்துக்கு வெளியே டிஷ் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பவர், செல்போன் சிக்னலைத் தேடி மேட்டில் ஏறுபவர், நகரத்து மினி பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் என்று லேப்டாப்பில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். "குதிரைப் பந்தயத்தையும் மல்யுத்தத்தையும் உலகமே வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. என் அம்மா பாத்திரம் கழுவுவதை யாரும் எடுக்கவில்லை" என்றாள். அதே முறையில் இங்கே ஒரு குடும்பத்தைப் பதிவு செய்வதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

பிறகு சிக்கலையும் சொன்னாள். இதற்கு முன் போன ஊரில் எல்லோரும் கேமராவுக்கு முன்னால் விறைப்பாக நின்றார்களாம். அதைப் பார்த்த அவளுடைய பேராசிரியர், இது அன்றாட வாழ்க்கை இல்லை, கல்யாண ஆல்பம் என்று சொல்லிவிட்டாராம். கம்பத்திலிருந்தும் இப்படியே கொண்டுவந்தால் இந்தத் தலைப்பை விட்டுவிட்டு, நூலகத்தில் உட்கார்ந்தபடி எழுதுகிற மாதிரி வேறு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டுமாம். இதற்காகவே அத்தனை தூரம் கடந்து வந்தவள். எனக்குப் பாவமாக இருந்தது. எங்கள் வீட்டு ஆட்களுக்கு நடிக்கவே தெரியாது, கவலைப்படாதே என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

மறுநாள் விடிந்ததும் அடுப்படிக்குப் போனால், என் கல்யாணத்துக்குத் தனக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு மாமியார் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிறார். கிரைண்டர் மேல் பிளாஸ்டிக் பூச்சாடி. பரணில் கிடந்த எவர்சில்வர் பாத்திரமெல்லாம் இறங்கி வந்து வரிசையாக மின்னுகின்றன. தினமும் கைலியோடு மார்க்கெட்டுக்குப் போகிற என் கணவர், முகத்தில் பவுடரும் தேய்த்த பேன்ட்டுமாக நிற்கிறார். கடையில் பெட்டி தூக்குகிறவர்கள், "மொதலாளிக்கு மறுபடியும் பொண்ணு பாத்துட்டாகளா?" என்று கேட்டதாக அவரே பிறகு சொன்னார்.

எதிர்வீட்டு அம்மாவுக்கும் என் மாமியாருக்கும் உறவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த அம்மா இரட்டைவடச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு கையில் டம்ளரோடு உள்ளே வந்தார். கேமராவை நேராகப் பார்த்து, "மதினி, தங்களிடம் சீனி இருக்கிறதா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் 'தங்களிடம்' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. மாமியாரும் விடவில்லை. "இருக்கிறது மதினி, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வானொலிச் செய்தி மாதிரி பதில் சொன்னார்.

நானும் ஒன்றும் குறைந்தவள் இல்லை. கணவருக்குப் பரிமாறும்போது "ஒன் மோர் இட்லி?" என்று கேட்டேன். அவர் மிரண்டுபோய், "என்னாச்சு ஒனக்கு?" என்றார். அன்று காலை முழுவதும் அந்த வீட்டில் நிஜமாக வெளிவந்த வார்த்தை அது ஒன்றுதான்.

அவள் எல்லாவற்றையும் எடுத்தாள். மதியத்துக்குள் முகம் வாடிவிட்டது. எப்போதும் இருப்பது போல இருக்கச் சொல்ல முடியுமா என்று மெதுவாகக் கேட்டாள். உடனே எல்லோரையும் கூடத்தில் கூட்டி வைத்து நான் விளக்கம் கொடுத்தேன். "கேமரான்னு ஒன்னு இருக்குறதையே மறந்துருங்க. புதுசா எதுவும் செய்ய வேணாம். சும்மா இருங்க."

அங்கேதான் வினை. என் மாமியார் மூன்று பிள்ளைகளைச் "சும்மா இரு" என்று சொல்லியே வளர்த்தவர். அவர் அகராதியில் அதற்கு, ஆடாமல் அசையாமல் கையை மடியில் வைத்து உட்காரு என்று அர்த்தம். அப்படியே உட்கார்ந்தார். பக்கத்தில் எதிர்வீட்டு அம்மா பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார். கடையிலிருந்து சாப்பிட வந்த கணவர், என்ன ஏதென்று கேட்காமல் அவரும் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய் அதுவும் நின்றது.

அந்தப் பெண் வெகுநேரம் பார்த்துவிட்டு என் காதருகே வந்து, "இது தியான நேரமா?" என்று கேட்டாள்.

நீ என்ன சொன்னாய் என்று அவள் கேட்டபோது நான் மாட்டிக்கொண்டேன். 'சும்மா' என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொன்னேன், அது இல்லை என்று தோன்றியது. இன்னொன்று சொன்னேன், அதுவும் இல்லை. எத்தனையோ நாடகத்தையும் கவிதையையும் கரைத்துக் குடித்த எம்.ஏ., ஒரு சின்ன வார்த்தைக்கு முன்னால் திருதிருவென்று விழித்தது. அவளுக்கு அந்தச் சத்தம் பிடித்துவிட்டது. சாயங்காலம் வரைக்கும் "சும்மா, சும்மா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே திரிந்தாள்.

அன்று மாலை எங்களுக்கு அவளே டீ போட்டுக் கொடுத்தாள். அவர்கள் ஊர் வழக்கப்படி சீனிக்குப் பதில் உப்பு. கணவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை ஜன்னலில் வைத்தார். மாமியார் முழுவதையும் குடித்து முடித்து, "கஞ்சித்தண்ணி கணக்கா இருக்கு. நல்லாத்தேன் இருக்கு தாயி" என்றார். அந்த நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமையும் அதே கதைதான். பட்டுப்புடவை, பூச்சாடி, செய்தித் தமிழ். மதியம் பஸ். வழியனுப்ப மாமியார் பாயசம் வைத்தார். தெருக்காரர்கள் எல்லோரும் கூடி, போவதற்கு முன்னால் எங்களையும் ஒரு படம் எடுக்கச் சொல்லு என்று என்னிடம் கேட்டார்கள். அவள் மறுக்கவில்லை. வாசலுக்கு எதிரே ஸ்டாண்டை நிறுத்தி வீடியோவை ஓடவிட்டாள். பெரியவர்கள் நாற்காலியில், இளையவர்கள் பின்னால், குழந்தைகள் முன்னால். பள்ளிக்கூட குரூப் போட்டோ மாதிரி எல்லோரும் மூச்சைப் பிடித்து நின்றார்கள். கேமராவுக்குப் பின்னால் நின்ற அவளைப் பார்த்தேன். இதோடு முடிந்தது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. நம்பச் சொன்னவள் நான் ஆயிற்றே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது குழாய் இருமியது.

எங்கள் தெருக்குழாய் எங்கள் வாசலை ஒட்டித்தான் இருக்கிறது. நகராட்சித் தண்ணீர் சில நாளைக்கு ஒருமுறைதான் வரும், எந்த நேரத்தில் வருமென்று சொல்ல முடியாது. வருவதற்கு முன்னால் குழாய்க்குள் காற்று புகுந்து, வயசாளி தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம் கேட்கும். அது கேட்டால் எங்கள் தெருவில் எதுவும் நிற்காது.

"தண்ணி வந்துருச்சு" என்று யாரோ சொன்னதுதான் தெரியும். குரூப் போட்டோ நொடியில் கலைந்துவிட்டது. நாற்காலிகள் சாய்ந்தன. பட்டுப்புடவைகள் முழங்காலுக்கு மேல் ஏறி இடுப்பில் செருகப்பட்டன. குடம், வாளி, அண்டா என்று கையில் கிடைத்ததெல்லாம் வெளியே வந்தது. என் கணவர் தேய்த்த பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு டிரம்மை உருட்டினார். நான், "ஏங்க, அந்தப் பச்சை வாளி எங்கன போச்சு?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். ஆங்கிலம் எங்கே போனதோ தெரியாது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் வருகிற நாள் என்று தோன்றினால் காலையிலேயே வெறும் குடத்தைக் குழாயடியில் வரிசையாக வைத்துவிடுவோம். ஆள் இல்லாவிட்டாலும் குடம் இடம் பிடிக்கும். அன்று மாமியாரின் குடம்தான் முதலில் இருந்தது. எதிர்வீட்டு அம்மா அதைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தன் குடத்தைக் குழாய்க்கு நேராக வைத்தார். மாமியார் பார்த்துவிட்டார்.

"ஏ மதினி, வெள்ளனத்துலருந்து எங்கொடம் நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையாக்கும்?"

"கொடம் நின்னா ஆச்சா? ஆளு நிக்க வேணாமா?"

"நீங்க போட்டோவுக்கு நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னப்ப எங்க போச்சு இந்த ஞாயம்?"

'தங்களிடம்' எல்லாம் காற்றில் பறந்துவிட்டது. இடுப்பில் ஒரு கை, காற்றில் ஒரு கை என்று இருவரும் சரிக்குச் சரி நின்றார்கள். குடம் பாட்டுக்கு நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் நடுவில் ஒருத்தி புகுந்து, நிரம்பிய குடத்தை எடுத்துவிட்டு மாமியாரின் குடத்தைக் குழாய்க்கடியில் வைத்தாள். எங்கள் மங்கோலியப் பெண்தான். கேமராவை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். இடுப்பில் வைக்கத் தெரியாமல் குடத்தைக் குழந்தை மாதிரி மார்போடு கட்டிக்கொண்டு, சட்டையெல்லாம் நனைய, எதிர்வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கினாள். திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கினாள். சொந்த ஊரில் அவள் வீட்டுக்குக் குழாய் கிடையாது என்றும், தண்ணீர் கொடுக்கும் சாவடிக்குக் கேனைத் தள்ளுவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்பார்கள் என்றும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எதிர்வீட்டு அம்மாவுக்குக் கோபம் பாதியில் நின்றுவிட்டது. "நீ எதுக்குத்தா தூக்குற? ஒனக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டார்.

அவள் குடத்தைக் கட்டிப்பிடித்தபடியே தலையைச் சாய்த்து, "சும்மா" என்றாள்.

அப்போது தெருவில் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, மாமியார் குழாய்த் திட்டிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் அத்தனை மொழிபெயர்த்தும் பிடிபடாத வார்த்தை, தண்ணீர் தூக்கிய இடத்தில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

தண்ணீர் நின்ற பிறகுதான் கேமராவின் சிவப்புப் புள்ளி எங்கள் கண்ணில் பட்டது. அத்தனையும் பதிவாகியிருந்தது. போட்டுப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இதைத்தான் அவள் தேடி வந்தாள். ஆனால் மாமியார் முகம் கறுத்துவிட்டது. "அத அழிச்சிரு தாயி. பட்டுச்சீலையத் தூக்கிச் செருகிக்கிட்டு நான் கத்துறத ஊரு ஒலகமெல்லாம் பாக்கணுமா?" என்றார்.

நான் மொழிபெயர்க்கும் முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. படத்தில் இருப்பவர்கள் சம்மதிக்காமல் எதையும் வைத்துக்கொள்வதில்லை என்பது அவர்கள் காப்பகத்தின் விதி. அழித்துவிடுகிறேன் என்று அப்போதே பொத்தானைத் தேடினாள். எனக்கு மாமியார் மேல் கோபம் கோபமாக வந்தது. அதைச் சொல்ல முடியுமா? அவளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, "உன் அம்மா இதுபோல ஒன்றுக்குச் சம்மதிப்பார்களா?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் லேப்டாப்பைத் திறந்து ஒரு படத்தை ஓடவிட்டாள். பனி கொட்டிக் கிடக்கும் தெரு. தடிக் கோட்டு போட்ட பெண்கள் வாயிலிருந்து புகை வர வரிசையில் நிற்கிறார்கள். பிளாஸ்டிக் கேன்கள். இரண்டு பெண்கள் ஓங்கிய குரலில் வாக்குவாதம் செய்கிறார்கள். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார்.

"அந்த நீலக் கேனு ஆளு இல்லாம நின்னுருக்கு. இந்தச் செவப்புத் துண்டு கட்டுனவுக அத ஒதுக்கிட்டு முன்னால போயிட்டாக. கேனுக்குச் சொந்தக்காரி வந்து கேக்குறா. அதான?"

நான் மொழிபெயர்த்ததும் அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"தப்பு செவப்புத் துண்டு மேலதேன். யாரு அவுக?"

மாமியாரின் தீர்ப்பை அவளிடம் சொல்லி, யாரென்று கேட்டுச் சொன்னேன். "அத்தை, அது இவளோட அம்மா."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வந்தது. அம்மாவைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகிறதாம். அம்மாவும் முதலில் இதை அழிக்கச் சொன்னாராம். பிறகு ஒருநாள் அவரே, நான் அன்றைக்கு அப்படித்தான் இருந்தேன், இருந்துவிட்டுப் போகட்டும் என்றாராம். மாமியார் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"சரி, கெடக்கட்டும். ஆனா நான் கத்துறத மட்டும் போட்டா நாந்தேன் சண்டைக்காரின்னு நெனைப்பாக. மதினி எங்கொடத்த ஒதுக்குனதையும் சேத்துப் போடணும்."

அதற்கு மதினியின் சம்மதமும் வேண்டும் என்றேன். மாமியார் ஒரு சொம்பில் பாயசத்தை ஊற்றிக்கொண்டு தானே எதிர்வீட்டுக்குப் போனார். சண்டை போட்ட அன்றே அவர் அந்தப் படி ஏறியதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது இரண்டு பேராக வந்தார்கள். எதிர்வீட்டு அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "சங்கிலி நல்லாத் தெரியுது. போட்டுக்க ஆத்தா" என்று சொல்லிவிட்டார். அப்புறம் இருவரும் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்து, யார் பக்கம் நியாயம் என்று புதிதாகச் சண்டையைத் தொடங்கியதில் அவள் மதியப் பஸ் போய்விட்டது.

நல்லதாகப் போயிற்று. அன்று மாலை யாருக்கும் கேமரா நினைப்பே இல்லை. மாமியார் பழைய நைலக்ஸ் புடவையில் வெங்காயம் உரித்தபடி ஊர்க்கதை பேசினார். கணவர் கைலி, பனியனோடு திராட்சை விலை இறங்கியதற்கு யாரையோ போனில் திட்டினார். அவள் ஒரு ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுத்தாள்.

பேராசிரியர் ஏற்றுக்கொண்டார் என்று சில வாரங்களில் செய்தி வந்தது. படிப்பு முடிந்து ஊருக்குப் போன பிறகு, காப்பகத்தில் எங்கள் பக்கத்தின் முகவரியை மின்னஞ்சலில் அனுப்பினாள். மாமியாரையும் எதிர்வீட்டு அம்மாவையும் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனேன். படம் விட்டு விட்டு ஓடியது. மங்கோலியக் கூடாரங்களுக்கும் மினி பஸ்ஸுக்கும் நடுவில் எங்கள் தெருக்குழாய். மின்னஞ்சலின் கடைசியில் அவள் அம்மாவின் தீர்ப்பும் இருந்தது. வெறும் குடம் இடம் பிடிக்காது, நிற்கிற ஆளுக்குத்தான் தண்ணீர் என்று அவர் சொல்லிவிட்டாராம். "அவுக ஊரு கேனு வேற, நம்ம கொடம் வேற" என்று மாமியார் ஒரேயடியாகத் தள்ளிவிட்டார். எதிர்வீட்டு அம்மா விடுவாரா? அதற்குப் பிறகு குழாயடியில் எந்தச் சண்டை வந்தாலும், "மங்கோலியாவுலயே சொல்லிட்டாக" என்று ஒரே போடாகப் போடுவார்.

அந்தப் படத்தின் கீழே தமிழ் எழுத்தில் 'சும்மா' என்று தலைப்பு வைத்திருந்தாள். அதற்கு அடியில் ஆங்கிலத்தில் இரண்டே வரி: இந்தச் சொல்லை மொழிபெயர்க்க முடியவில்லை, படத்தைப் பாருங்கள். படித்ததும் படத்தை மறுபடியும் ஒருமுறை ஓடவிட்டேன். வீட்டைத் துடைத்து, பட்டுக் கட்டி, ஆங்கிலம் பேசி நாங்கள் காட்ட நினைத்த எதுவும் அங்கே இல்லை. மறைக்க நினைத்தது மட்டும்தான் இருந்தது, அதுவும் அத்தனை அழகாக இருந்தது.

இன்றைக்கும் குழாய் இருமினால் குடத்தோடு ஓடுகிறேன். யாரோ எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருப்பதாக ஒரு நினைப்பு வரும், ஆனாலும் கலைந்த தலையைச் சரிசெய்துகொள்ள எனக்குத் தோன்றுவதே இல்லை.